ருசி பார்த்த கொட்டைகள்

அத்தாயியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எடை மெஷின் மேல் நின்றுகொண்டிருந்தார். தொண்ணூற்று நான்கு கிலோ அறுநூறு கிராம். எண்ணைப் பார்த்த பிறகும் கீழே இறங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இந்த மெஷினு பொய் சொல்லுமுங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"சொல்லாதுக்கா."

"அப்பச் சரி. எங்கூர்க்காரனுக நூத்திப்பத்துன்னு சொல்லீட்டுத் திரியறானுக. இனி வாயை மூடட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை நேரத்தில் எனக்கு அவ்வளவு லேசில் சிரிப்பு வராது. என் பெயர் கீர்த்தனா, ரத்தம் எடுப்பது தொழில், சொந்த ஊர் மலையடிவாரத்தில் துறையூர்ப் பக்கம் இருக்கும் புளியஞ்சோலை. கீழே ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து கொல்லிமலைக்கு ஓர் ஆராய்ச்சிக்காக வந்திருந்தோம். உடல் பருமன் உள்ள பெண்கள் இருபத்து நான்கு பேர். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், முக்கால் மணி நேரம் வேக நடை. நடப்பதற்கு முன்னும் பின்னும் ரத்தத்தில் பசி ஹார்மோன்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு தடவை, ஆறாவது வாரம் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை. நடப்பது அவர்கள் பாடு, குத்துவது என் பாடு.

குத்துவதுதானே என்று யாரும் லேசாக நினைத்துவிட வேண்டாம். பசி ஹார்மோன் ரொம்ப ரோஷக்காரி. ரத்தம் எடுத்த கையோடு ஐஸில் வைக்காவிட்டால் கெட்டுப்போகும். அதனால் மலை ரோட்டில் ஐஸ் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போகிறவள் நான். என் ஐஸ் ஒரு நாளும் உருகியதில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

டாக்டர் அருள்மொழிதான் எங்கள் தலைமை. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: எதுக்காக இதில் சேர்றீங்க? சர்க்கரை என்றார்கள், மூட்டு வலி என்றார்கள், மகள் சேர்த்துவிட்டாள் என்றார்கள். அத்தாயி மட்டும் வேறு பதில் சொன்னார்.

"என்ற காட்டுக்குப் போயிட்டு நானே திரும்பி வரோணுங்க."

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஊர் வளப்பூர் நாட்டில்; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. புருஷன் மஞ்சள் காமாலையில் போய் எட்டு வருஷம். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. சோளக்காடு என்கிற ஊரில் ரோட்டோரமாகப் பலாப்பழக் கடை போட்டிருக்கிறார். ஊருக்குக் கீழே, செங்குத்துச் சரிவில் ஒரு மணி நேரம் இறங்கினால் பள்ளக்காடு என்று ஓர் இடம். அங்கே அவர் பங்குக்கு மிளகுக்கொடியும் ஒன்பது பலா மரமும் இருந்தன. ஆனால் ஆறு வருஷமாக அந்த மரங்களை அவர் பார்க்கவில்லை.

கடைசியாகப் போனபோது இறங்கிவிட்டார், ஏற முடியவில்லை. பாதிச் சரிவில் உட்கார்ந்தவருக்கு மூச்சு அடங்கவே இல்லை. கொழுந்தனார் பூபதி நாலு ஆளைக் கூட்டி வந்து டோலி கட்டித் தூக்கி வந்தார். நீளக் கம்பில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் சுமந்து வருவதற்கு மலையில் டோலி என்று பேர். அத்தாயிக்கு நோயும் இல்லை, அவர் பிள்ளைத்தாய்ச்சியும் இல்லை. வழியில் இரண்டு இடத்தில் கம்பை இறக்கி வைத்து ஆட்கள் தோளைத் தேய்த்துக்கொண்டார்களாம். ஒருத்தன், "கம்பு முறியறதுக்குள்ள ஊடு போய்ச் சேரோணும்" என்றானாம். போர்வைக்குள் படுத்திருந்தவர் காதில் அது விழுந்தது. அன்றைக்குப் பிறகு அவர் பள்ளக்காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பூபதியே மரத்தைப் பார்த்துக்கொண்டார், பழத்தை வெட்டி லாரிக்காரருக்குப் போட்டார். அத்தாயி அடுத்தவர் தோட்டத்துப் பழத்தை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "எடுத்துக்க கண்ணு. ரத்தத்துக்கு என்ன பஞ்சம்."

நடைக்கு ஒரே விதிதான் வைத்திருந்தோம். நடக்கும்போது பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. பாட முடிந்தால் மெதுவாக நடக்கிறீர்கள், பேசவே முடியாவிட்டால் அளவு மீறுகிறீர்கள். அத்தாயிக்கு இது பிடித்துப்போயிற்று. பேசிக்கொண்டே நடந்தார். முதல் வாரம் நூறு அடிக்கு ஒரு தடவை பேச்சு நின்றது. மூன்றாம் வாரம் நாங்கள் முகாம் போட்டிருந்த சுகாதார நிலையத்திலிருந்து சோளக்காடு வரை நிறுத்தாமல் ஊர்க்கதை சொன்னார். கூட நடந்தவர்களுக்குக் காதில்தான் வலி.

ஆறாவது வாரம் எடை பார்த்தோம். ஒரு கிலோ கூடியிருந்தது.

மெஷினை நான் சந்தேகப்பட்டேன். அத்தாயி சந்தேகப்படவில்லை. சத்தமில்லாமல் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தேன். நடந்துவிட்டு வந்தார், மறுபடியும் எடுத்தேன்.

நாலு நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டர் அருள்மொழி என்னைக் கூப்பிட்டார். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் பசி ஹார்மோன் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். அத்தாயியின் ரத்தத்தில் அது கீழே கிடந்தது. சர்க்கரையும் இன்சுலினும் மேலே இருந்தன.

"கீர்த்தனா, ஐஸ் உருகிடுச்சா?" என்றார்.

"இல்ல மேடம்."

"இல்லன்னா டியூப் மாறியிருக்கணும்."

"மாறல மேடம்."

"அப்ப அந்தம்மா சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க. எது நிஜம்னு பாருங்க. ஒண்ணும் சரிவரலைன்னா அவங்க பேரை எடுத்துடலாம்."

எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. என் ஐஸ் பெட்டிமேல் பழி விழுந்துவிட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சோளக்காட்டில் இறங்கினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று வந்தேன்.

வைகாசி மாதம், பலா சீசன் உச்சம். ரோட்டோரம் முழுக்க வாசம் தூக்கியது. அத்தாயி கடைக்கு முன் ஒரு வேன் நின்றிருந்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன்.

பழத்தைப் பிளந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு முதல் சுளையை எடுத்தார். வாங்க வந்தவர் முகத்துக்கு நேராக அதைத் தன் வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடித் தலையாட்டினார். "தேனுங்க, நம்பி வாங்குங்க" என்றார். கொட்டையை மட்டும் எடுத்துக் காலடியில் இருந்த ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டார். வேன்காரர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்து ஒரு பைக் வந்தது. அடுத்த பழம், அடுத்த சுளை, அடுத்த தலையாட்டல். ஒரு பழம் சப்பென்று இருந்திருக்கும் போல, முகத்தைச் சுளித்துவிட்டு அதை மாட்டுக்கு என்று ஒதுக்கினார். ஒதுக்கியது நிஜமாகச் சப்புதானா என்று இன்னொரு சுளையைத் தின்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் ஒன்பது சுளை எண்ணினேன். பிறகு கடைக்குள் போனேன்.

"அக்கா, அன்னைக்கு ரத்தம் குடுக்க வர்றப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"ஒன்னும் சாப்பிடலீங்க கண்ணு. பச்சைத் தண்ணி பல்லுல படல."

"கடை தெறந்தீங்களா?"

"காலங்காத்தால ஒரு டூரிஸ்ட் பஸ்ஸு வந்துச்சுங்க. மூணு பழம் அறுத்துக் குடுத்துட்டு ஓடியாந்தேன்."

"மூணு பழத்துலயும் சுளை தின்னீங்களா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை. "திங்கலீங்க. ருசி பாத்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என் கோபத்தை ஒரு நொடியில் இறக்கியது. அந்த ரோட்டில் பலா விற்கிறவர்களுக்கு அது வழக்கம். பழத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே பார்த்துத் தெரியாது, அதனால் கடைக்காரி முதல் சுளையைத் தின்று காட்டித்தான் விற்க வேண்டும். அது வாங்குகிறவருக்குக் கொடுக்கிற வாக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிற மாதிரி, யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. தட்டில் போட்டு உட்கார்ந்து தின்பதுதான் அவருக்குச் சாப்பாடு. எங்கள் ஆராய்ச்சிக்காகச் சாப்பாட்டுக் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தோம். களி, கீரை, மோர் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். பலா என்று ஒரு சொல் அதில் இல்லை.

"அந்த டப்பாவுல என்னக்கா?"

"என்ற வாயில பட்ட கொட்டைங்க. விக்கிற கொட்டையோட சேக்கக் கூடாதுங்களே. சாயங்காலம் ஊட்டுக்குக் கொண்டுபோய்க் கொழம்பு வைப்பேன்."

"இன்னைக்குச் சாயங்காலம் எண்ணிப் பார்ப்போம்."

கடை கட்டும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். டப்பாவைச் சாக்கின் மேல் கவிழ்த்தார். பத்துப் பத்தாகக் கூட்டி வைத்தோம். அறுபத்து மூன்று.

அத்தாயி அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கொட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெனமுங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "ஆனியும் ஆடியும் இப்படித்தான் அக்கா போகும்" என்றேன். அவர் கண் கலங்கியது. "ஆறு வருசமா எதுனால ஊதறேன்னு கோயில் கோயிலாக் கேட்டேன் சாமி. இந்த டப்பாவைக் கேட்டிருந்தா சொல்லியிருக்கும்."

எனக்கும் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் என் ஐஸ் உருகவில்லை என்பது நிரூபணமானதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

டாக்டர் அருள்மொழி கேட்டுவிட்டுச் சத்தம் போடவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் பரிசோதனை வைத்தார். இந்தத் தடவை அத்தாயி கடை பக்கமே போகாமல் நேராக வந்தார். நடப்பதற்கு முன் ரத்தம், நடந்த பின் ரத்தம். முடிவு வந்ததும் டாக்டர் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார்.

"இது கிரெலின். இரைப்பையிலிருந்து கிளம்பி மூளைக்குப் போய், பசிக்குது பசிக்குதுன்னு சொல்ற ஹார்மோன். நீங்க நடக்கறதுக்கு முன்னால இங்க இருக்கு. வேகமா நடந்ததும் பாருங்க, இறங்கிடுச்சு. இன்னொரு கோடு குடல்லேர்ந்து போறது, போதும்னு சொல்றது. உங்களுக்கு அது கொஞ்சந்தான் ஏறுது. பருமன் இருக்கறவங்க பல பேருக்கு அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, ரொம்ப நேரம் நிக்கவும் நிக்காது. ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரம்."

அத்தாயி தாளை வாங்கிப் பார்த்தார். "அப்ப இவ கூவறவ. அவ போதுங்கறவ."

"அப்படியே வச்சுக்கலாம்."

"நடந்து போனா கூவறவ வாய மூடிக்கிறா."

"கொஞ்ச நேரத்துக்கு."

"நெசந்தானுங்க. நடந்துட்டுக் கடைக்குப் போறப்ப பழத்தைப் பாத்தா ஒன்னும் தோணாது. வயிறு சும்மா கெடக்கும். கைதான் பழக்கத்துல எடுத்து வாயில போட்டுக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருபத்து நான்கு பேரிடம் ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து, கீழே அனுப்பி, மெஷினில் ஓட்டி நாங்கள் தெரிந்துகொள்ளப் பார்த்த விஷயத்தை இந்த அம்மாள் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஹார்மோன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. அது வாயை மூடிக்கொண்ட பிறகும் தின்றது தொழில்.

இனி ருசி பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் அத்தாயிக்கு முகம் சிவந்தது. "கடைக்காரி வாயில வெக்காத பழத்தை எவன் வாங்குவான்? நான் ஏமாத்தறவளுன்னு பேரெடுக்கறதுக்குக் குண்டாவே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் நடைக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தார், ஆனால் வேறு செய்தியோடு. பள்ளக்காட்டை அளந்து அண்ணன் பங்கு, தம்பி பங்கு என்று தனித்தனியாகப் பிரிக்க பூபதி மனுப் போட்டிருந்தார். ஆடி முதல் வாரத்தில் சர்வேயர் வருகிறார். நிலத்துக்காரர் கூட நின்று எல்லைக் கல்லைக் காட்ட வேண்டும்.

"கொழுந்தனாரு ஊட்டுக்கு வந்து சொன்னாருங்க. அண்ணி, நீங்க செரமப்பட வேண்டாம், நானே ரெண்டு பங்குக்கும் கல்லைக் காட்டிடறேன், கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்கன்னாரு. இல்லீங்க நானும் வாரேன்னேன். அப்படீன்னா டோலிக்குச் சொல்லி வெக்கறேங்கறாரு."

கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு நடைக்குக் கிளம்பினார். இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அன்றைக்கு நடந்து முடித்ததும் நேராகச் சோளக்காட்டுக்குப் போய், பக்கத்துக் கடை பாப்பாயி முன்னால் நின்றார். இருவருக்கும் எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தி வாடிக்கையை இன்னொருத்தி கூப்பிட்டதில் வந்த சண்டை. பாப்பாயி ஒல்லிக்குச்சி. எவ்வளவு தின்றாலும் ஒட்டாத உடம்பு. அத்தாயி சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"ஏனுங்க பாப்பாயி, என்ற பழத்தை நீங்க ருசி பாத்துச் சொல்லோணும்."

"எதுக்கு, வெசம் வெக்கறதுக்கா?"

"நீங்க நல்லாருக்குதுன்னா நல்லாருக்குதுன்னு சொல்லுங்க. சப்புன்னு இருந்தா சப்புன்னு சொல்லுங்க. எனக்குத் திங்கக் கூடாதுங்க. என்ற காட்டுக்குப் போகோணும்."

பாப்பாயிக்கு டோலிக் கதை தெரியும். அந்த ரோட்டில் தெரியாதவர் யார்? அவர் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, "பழம் நல்லா இல்லீன்னா நான் முகத்துக்கு நேரா சொல்லிப்போடுவேன், பாத்துக்க" என்றார்.

சொல்லவும் செய்தார். முதல் நாளே இரண்டு பழத்தை வாங்க வந்தவர் முன்னால் கழித்துக் கட்டினார். அத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுக்கினார். ஆனால் பத்தே நாளில் ஒன்று நடந்தது, நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. போட்டிக் கடைக்காரியே இனிக்குது என்று சொன்னால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வண்டிகள் அத்தாயி கடையில் அதிகமாக நின்றன. பிறகு பாப்பாயி தன் அன்னாசிக்கும் பலாவுக்கும் இதே சாட்சி வேண்டும் என்று கேட்க, அத்தாயி தின்னாமலே, அறுத்த பழத்தை மோந்து பார்த்து, அழுத்திப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டார். இரண்டு கடையும் சேர்ந்து நன்றாக ஓடியது. எட்டு வருஷச் சண்டை போன இடம் தெரியவில்லை.

டப்பாவைத் தினமும் எண்ணினார். சுகாதார நிலையத்துக்கு வந்ததும் எனக்கு ஒப்பிப்பார். நேத்து பதினொன்னு. நேத்து ஏழு. ஒரு நாள் இருபது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நடக்காமல் விட்ட நாள் அது. கூவறவ அன்றைக்குச் சாயங்காலம் வரை ஓயவே இல்லையாம். அதிலிருந்து கடை திறப்பதற்கு முன்னால் நடை என்று முறை வைத்துக்கொண்டார். எங்கள் நாலு நாள் கணக்கு அவருக்குப் போதவில்லை. மீதி நாட்களில் தானாகவே பள்ளக்காட்டுச் சரிவில் இறங்கிப் பார்த்தார். முதலில் பெரிய பாறை வரை, பிறகு ஓடை வரை. ஓடைக்கு அப்பால் போகவில்லை. "மீதிய அன்னைக்கிப் போறேன்" என்றார்.

ஆடி பிறந்து சர்வேயர் வருகிற நாளில் அவர் எடை எண்பத்தொன்பது கிலோ சொச்சம். ஆறாவது வாரத்திலிருந்து ஆறு கிலோ குறைந்திருந்தது. ஊர்க்காரர் யாருக்கும் கண்ணில் படுகிற வித்தியாசம் இல்லை. எனக்கும் படவில்லை. சேலை கட்டில் மட்டும் ஒரு மடிப்பு கூடியிருப்பதாக அவர் சொன்னார்.

நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். பன்னிரண்டு வாரமாக மற்றவர்களுக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்கிறவள், ஒரு மணி நேரச் சரிவு என்ன பெரிய சரிவு என்று நினைத்தேன். இறங்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முன்னால் சர்வேயர், பின்னால் பூபதி, அதற்குப் பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் நாலு ஆட்கள். அவர்கள் தோளில் நீளக் கம்பும் சுருட்டிய போர்வையும் இருந்தன. பூபதி யாரையும் கேட்காமல் அவர்களைக் கூட்டி வந்திருந்தார். அத்தாயி திரும்பி ஒரு தடவை அந்தக் கம்பைப் பார்த்தார்.

ஓடையைத் தாண்டியதும் மரங்கள் தெரிந்தன. ஒன்பது மரத்திலும் காய் தொங்கியது. அத்தாயி போய் ஒவ்வொன்றையும் தொட்டார். மூன்றாவது மரத்தை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அது அவரும் புருஷனும் கல்யாணமான வருஷம் வைத்ததாம். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

மூன்று மூலைக் கல்லில் தகராறு இல்லை. நாலாவது கல் என்று பூபதி ஒன்றைக் காட்டினார். சர்வேயர் அங்கே அளவுக் கருவியை நாட்டப் போனார்.

"அதில்லீங்க," என்றார் அத்தாயி. "அது நாங்க துணி தொவைக்கப் போட்ட கல்லு. நாந்தான் ஓடையிலிருந்து உருட்டியாந்தேன்."

"அண்ணி, ஆறு வருசமா இங்க பொழங்கறவன் நான்."

"அதுக்கு முன்னால பதினெட்டு வருசம் நான் பொழங்குனேன் பூபதி."

டோலி ஆள் ஒருத்தரிடம் அரிவாளை வாங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி மேலே ஏறினார். உண்ணிச்செடி ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடந்தது. வெட்டித் தள்ளினார். வேர்ப்பக்கம் அரிவாள் கல்லில் பட்டது. மண்ணைக் கையால் துடைத்தார். கல்லின் தலையில் செதுக்கிய பெருக்கல் குறி தெரிந்தது. சர்வேயர் வரைபடத்தைப் பார்த்து, அளந்து, மறுபடியும் அளந்து, "இதுதான்" என்றார். துணி துவைக்கிற கல்லோடு நின்றிருந்தால் மூன்றாவது மரமும் நாலாவது மரமும் பூபதி பக்கம் போயிருக்கும். அவர் தெரிந்து காட்டினாரா, தெரியாமல் காட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. என் குணத்துக்கு நான் கேட்டிருப்பேன். அத்தாயி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார், அரிவாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பூபதிதான் பேச்சை எடுத்தார். "சரிங்க அண்ணி. ஏர்றதுக்கு டோலி கட்டச் சொல்லட்டுங்களா?"

"கட்டச் சொல்லுங்க," என்றார் அத்தாயி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அந்த நாலு பேர் பக்கம் திரும்பினார். "சாமிகளா, வந்ததுதான் வந்தீங்க. என்ற மரத்துல பழுத்ததா நாலு பழம் பாத்து எறக்குங்க. பெருசா இருக்கோணும். டோலியில வெச்சுத் தூக்கியாங்க. கம்பு முறியாதுங்க, பயப்படாதீங்க."

நாலு பேரில் ஒருவர், நரைத்த மீசைக்காரர், தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பைப் பற்றிப் பேசியவர் அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மரத்தில் ஏறினார்.

ஏற ஆரம்பித்தோம். அத்தாயி முன்னால் போனார். வேகமாகப் போகவில்லை, நிற்கவும் இல்லை. பேச்சு வருகிற வேகம், பாட்டு வராத வேகம். பெரிய பாறை வரும் வரை என்னிடம் பாப்பாயி மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பதில் சொல்வதை ஓடையிலேயே நிறுத்தியிருந்தேன். பாறைக்கு மேலே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பீடி குடிக்கிற பூபதி எனக்கும் பின்னால் இரண்டு தடவை உட்கார்ந்தார். சர்வேயர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை.

அத்தாயி மேலேயிருந்து திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சிரித்தார்.

"கண்ணு, டோலி வேணுமுங்களா? பழத்துக்குப் பக்கத்துல எடம் இருக்குது."

எனக்குச் சிரிக்கக்கூட மூச்சில்லை.

ஊர் எல்லையில் இருபது முப்பது பேர் கூடி நின்றார்கள். சர்வே என்றால் வேடிக்கை பார்க்க வருவது வழக்கம், டோலி போயிருக்கிறது என்றால் கேட்கவே வேண்டாம். சரிவின் தலைப்பில் முதலில் வந்தது அத்தாயிதான், தன் காலால். யாரும் கை தட்டவில்லை, மலையில் அந்தப் பழக்கம் இல்லை. ஒரு கிழவர் மட்டும், "அட, ஏறிட்டாளே" என்றார். பின்னால் டோலி வந்தது. உள்ளே யார் என்று எட்டிப் பார்த்த பெண்கள், நாலு பலாப்பழத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தாயி அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். ஆறு வருஷம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

பழங்களை ஆட்டோவில் ஏற்றிச் சோளக்காட்டுக்குக் கொண்டுபோனோம். பாப்பாயி கடையை விட்டு எழுந்து வந்து, ருசி பார்க்கும் உரிமையோடு முந்தானையைச் செருகினார். அத்தாயி முதல் பழத்தைப் பிளந்தார். மஞ்சள் சுளை, வாசம் ரோட்டைத் தாண்டிப் போனது. ஒரு சுளையை எடுத்துப் பாப்பாயியிடம் நீட்டப் போனவர் கையை நிறுத்தினார்.

"பசிக்குதாக்கா?" என்று கேட்டேன். கேட்பது என் தொழில்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். உள்ளே காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. "இல்லீங்க கண்ணு. கூவறவ சத்தமே இல்லை."

"அப்புறம்?"

"இது என்ற மரத்துதுங்க. இதுக்கு நாந்தான் வாக்குக் குடுக்கோணும்."

எதிரே ஒரு கார் வந்து நின்றது. அத்தாயி நிமிர்ந்து நின்று, வந்தவர் முகத்துக்கு நேராகச் சுளையை வாயில் போட்டார். மெதுவாக மென்றார், கண்ணை மூடித் தலையாட்டினார். "எங்காட்டுப் பழமுங்க. நம்பி வாங்குங்க" என்றார். கொட்டையை எடுத்துப் பிஸ்கட் டப்பாவில் போட்டார். மீதி மூன்று பழத்துக்கும் பாப்பாயிதான் சாட்சி சொன்னார்.

கடை கட்டும்போது வழக்கம்போல டப்பாவைச் சாக்கின் மேல் கவிழ்த்தோம். அந்த ஒரு கொட்டைதான் இருந்தது.